விதை எண்ணெய் மனச்சோர்வைக் குறைக்கிறதா? சிறுநீர் மெட்டபோலோமிக்ஸ் வழியே சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு தாவர விதையின் எண்ணெய் மனச்சோர்வைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு எலிகளின் சிறுநீரில் விடை தேடும் ஆய்வுகளின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. எலிகளைப் பல வாரங்கள் மிதமான அழுத்தத்துக்கு உள்ளாக்குகிறார்கள், எண்ணெயைப் புகட்டுகிறார்கள், நடத்தைச் சோதனைகளை நடத்துகிறார்கள், சிறுநீரிலுள்ள நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை ஒருசேர அளக்கிறார்கள்; இந்த அளவீட்டைத்தான் மெட்டபோலோமிக்ஸ் என்கிறோம். இறுதியில் குழுக்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும் ஒரு வரைபடத்தைக் காட்டி, எண்ணெய் வேலை செய்கிறது என்று முடிக்கிறார்கள். இந்தக் கடைசி முடிவு பெரும்பாலும் தரவு தாங்கக்கூடியதைவிடப் பெரியது. நாம் சோதிக்கும் பொருள் ஓர் உணவு. அது கொழுப்பு, அது ஆற்றல், அதன் ஒரு பகுதி குடல் நுண்ணுயிரிகளையும் சென்றடைகிறது. எண்ணெய் குடித்த எலியின் சிறுநீர் மாறத்தான் செய்யும். எனவே ஆய்வின் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கண்முன் வைத்திருக்க வேண்டும்: நாம் காணும் மாற்றம் எண்ணெய் விட்டுச்சென்ற தடமா, விலங்கு தேறிவருவதன் தடமா?

இந்த இரண்டையும் பிரித்தறியச் சிறுநீர் மிகப் பொருத்தமான மாதிரி. மூளைத் திசுவை ஒரு விலங்கிடமிருந்து ஒருமுறைதான் எடுக்க முடியும். சிறுநீரையோ அதே விலங்கிடமிருந்து அழுத்தத்துக்கு முன்பும், அழுத்தத்துக்குப் பின்பும், சிகிச்சைக்குப் பின்பும் சேகரிக்கலாம். ஒவ்வொரு எலியும் தனக்குத் தானே ஒப்பீடாக அமைவதால் விலங்குக்கு விலங்கு உள்ள இயல்பான வேறுபாடு விலகிவிடுகிறது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் கடைசி நாளில் மட்டும் சிறுநீர் பிடிக்கும் ஆய்வு, சிறுநீரைத் தேர்ந்தெடுத்ததன் பெரும்பயனை இழந்துவிடுகிறது.

முதல் படி: எண்ணெயை முழுமையாக வரையறுத்தல்

விதையின் தாவரவியல் பெயரை உறுதிசெய்து, சான்று மாதிரியை உலர்த்திப் பாதுகாக்க வேண்டும். எண்ணெய் செக்கில் ஆட்டியதா, குளிர்முறையில் பிழிந்ததா, கரைப்பான் கொண்டு பிரித்ததா என்பதைக் குறிப்பதோடு, ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதி எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி வாயு வண்ணப்பிரிகையில் அளப்பது வழக்கமான முறை. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலம். கருஞ்சீரக எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி, அதோடு தைமோகுயினோன் என்ற எளிதில் ஆவியாகும் பொருளும் உண்டு. எள் எண்ணெயில் செசமின் போன்ற லிக்னன்கள் உள்ளன. கொழுப்பு அமிலங்களை மட்டும் அளந்துவிட்டு இத்தகைய சிறுகூறுகளை விட்டுவிட்டால், பின்னர் சிறுநீரில் தென்படும் அறியாத உச்சங்கள் (அளவீட்டுக் கருவி ஒவ்வொரு பொருளுக்கும் காட்டும் குறிகள்) பலவற்றுக்கு விளக்கம் கிடைக்காது.

நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுந்த எண்ணெய் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையும். எனவே சிறிய பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, நைட்ரஜன் நிரப்பி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒவ்வொரு குப்பியாகத் திறந்து பயன்படுத்துவது நல்லது. ஆக்சிஜனேற்றம் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பை ஆய்வின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். இல்லையேல் ஆறாவது வாரத்தில் எலி குடிப்பது முதல் வாரத்தில் குடித்த அதே எண்ணெய்தான் என்று எவராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: குழுக்களை அமைத்தல்

ஆய்வின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 250 கிராம் எடையுள்ள எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 மி.லி. வீதம் எண்ணெய் கொடுத்தால் அது 0.25 மி.லி., அதாவது ஏறத்தாழ 0.23 கிராம், ஆற்றல் 2 கிலோகலோரி. அந்த எலி நாளொன்றுக்கு 20 கிராம் அளவுக்குத் தீவனம் தின்று 60 முதல் 70 கிலோகலோரி பெறுகிறது என்று கொண்டால், எண்ணெயின் பங்கு 3 விழுக்காடு. அளவை 5 மி.லி. ஆக உயர்த்தினால் 10 கிலோகலோரிக்கும் மேல், ஏறத்தாழ 15 விழுக்காடு. அந்த அளவில் எலி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், தீவனத்தோடு வரும் தாவரப் பொருள்கள் குறையும், அவற்றிலிருந்து உருவாகும் ஹிப்புரேட் என்ற பொருளின் அளவும் சிறுநீரில் சேர்ந்து இறங்கும். மனச்சோர்வுக்கும் இந்த இறக்கத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

எனவே நீர் மட்டும் கொடுத்த குழு ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணெயை ஒப்பிடுவது போதாது. ஆற்றலில் சமமான ஓர் ஒப்பீட்டு எண்ணெய் கட்டாயம் தேவை. எந்த எண்ணெய் என்பது கருதுகோளைப் பொறுத்தது. சிறுகூறுகள்தாம் செயல்படுகின்றன என்று கருதினால், கொழுப்பு அமில அமைப்பில் ஒத்திருந்து அந்தச் சிறுகூறுகள் நீக்கப்பட்ட எண்ணெய் வேண்டும். ஒமேகா-3 கொழுப்பு அமிலமே காரணம் என்று கருதினால், அது இல்லாத வேறோர் எண்ணெய் வேண்டும். குறைந்த அளவு பெறும் குழுவுக்கு ஒப்பீட்டு எண்ணெயைச் சேர்த்து மொத்தக் கன அளவைச் சமப்படுத்திவிட்டால், எல்லா எண்ணெய்க் குழுக்களும் ஒரே அளவு கொழுப்பைப் பெறும்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பில் ஏழு குழுக்கள் உள்ளன. அழுத்தமற்ற எலிகளில் ஒப்பீட்டு எண்ணெய் பெறுவது ஒன்று, சோதனை எண்ணெயின் உயர் அளவு பெறுவது மற்றொன்று. அழுத்தத்துக்கு உள்ளானவற்றில் நீர், ஒப்பீட்டு எண்ணெய், சோதனை எண்ணெயின் குறைந்த அளவு, உயர் அளவு, ஒப்பீட்டு எண்ணெயுடன் ஃபுளுவாக்செட்டின் என ஐந்து குழுக்கள். மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்செட்டின் எலிகளுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. அளவில் கொடுக்கப்படுகிறது. செலவைக் குறைக்க வேண்டி வரும்போது பலரும் முதலில் கைவிடுவது அழுத்தமற்ற எலிகளுக்குச் சோதனை எண்ணெய் கொடுக்கும் குழுவைத்தான். அந்தக் குழுதான் எண்ணெயின் தடத்தைத் தனித்துக் காட்டுகிறது. குறைத்தே ஆக வேண்டுமானால் குறைந்த அளவுக் குழுவைக் குறையுங்கள்.

மூன்றாம் படி: விலங்குகள், அனுமதி, கூண்டு ஒதுக்கீடு

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மாற்று, குறைப்பு, மென்மையாக்கம் என்ற மூன்று நெறிகளும், 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எழுதி வெளியிடுவதற்கான அரைவ் (ARRIVE) வழிகாட்டு நெறிகளும் திட்டத்தின் அடித்தளமாக இருக்கட்டும். குழுவுக்கு எத்தனை விலங்குகள் என்பதை முன்னோட்டத் தரவின் அடிப்படையில் கணக்கிட வேண்டும். 8 முதல் 12 வரை என்பது வழக்கமாகக் காணும் எண்ணிக்கை. ஆண் எலிகளை மட்டுமே பயன்படுத்துவதானால் காரணத்தை எழுதுங்கள்.

எலிகள் ஒன்றன் கழிவை மற்றொன்று உண்ணும். ஆகவே ஒரே கூண்டில் வாழ்பவை குடல் நுண்ணுயிரிகளையும், அவற்றின் வழியே சிறுநீர்ப் பொருள்களையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு குழுவின் பத்து எலிகளையும் இரண்டே கூண்டுகளில் அடைத்துவிட்டால், பின்னர் தெரியும் வேறுபாடு எண்ணெயால் வந்ததா, கூண்டால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ஒவ்வொரு குழுவையும் பல கூண்டுகளில் பரப்பி, கூண்டு எண்ணைப் புள்ளியியல் பகுப்பாய்வு வரை கொண்டுசெல்ல வேண்டும்.

நான்காம் படி: நாட்பட்ட மிதமான அழுத்தம்

பால் வில்னர் குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்பாராத மிதமான அழுத்தங்களைத் தொடர்ந்து அனுபவிக்கும் எலிகள் இனிப்பு நீரின்மேல் விருப்பம் இழப்பதையும், மனச்சோர்வு மருந்து அந்த விருப்பத்தை மீட்பதையும் காட்டியது. ஈரமான படுக்கை, 45 டிகிரி சாய்த்த கூண்டு, பகல் இரவு மாற்றம், சிறிது நேர அசைவுக் கட்டுப்பாடு, தீவன நிறுத்தம், நீர் நிறுத்தம் போன்றவற்றை ஒழுங்கு தெரியாத வரிசையில் நான்கு வாரமோ அதற்கு மேலோ கொடுப்பது வழக்கம். மருந்தின் பலன் உடனே வருவதில்லை. விருப்பம் மீளச் சில வாரத் தொடர் சிகிச்சை தேவை. எனவே எண்ணெயையும் அழுத்தம் நடக்கும்போதே குறைந்தது மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும்.

மெட்டபோலோமிக்ஸ் செய்பவர் இங்கே ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். தீவன நிறுத்தம் கீட்டோன் பொருள்களை உயர்த்தும். நீர் நிறுத்தம் சிறுநீரின் செறிவை மாற்றும். இவ்விரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம், அல்லது சிறுநீர் சேகரிப்புக்கு முந்தைய சில நாட்களில் வராதபடி அட்டவணையை அமைக்கலாம். தீவன அளவையும் உடல் எடையையும் தவறாமல் குறித்துவர வேண்டும், ஏனெனில் ஃபுளுவாக்செட்டினே பசியைக் குறைக்கக்கூடியது; அதன் தடத்திலும் பசியின் பங்கு கலந்திருக்கும்.

ஐந்தாம் படி: நடத்தைச் சோதனைகள்

இனிப்பு விருப்பச் சோதனையில் 1 விழுக்காடு சுக்ரோஸ் கரைசலும் வெறும் நீரும் அருகருகே வைக்கப்படுகின்றன. குடித்த கரைசலை மொத்தம் குடித்த திரவத்தால் வகுத்தால் விருப்ப விகிதம் கிடைக்கும். ஒரே பக்கத்தில் குடிக்கும் பழக்கம் முடிவைப் பாதிக்காமல் இருக்க, பாதி நேரத்தில் குப்பிகளை இடம் மாற்ற வேண்டும். எண்ணெய் புகட்டிய உடனே இச்சோதனையை நடத்தினால், வயிறு நிறைந்த எலி இனிப்பைக் குறைத்துக் குடிக்கலாம். புகட்டலுக்கும் சோதனைக்கும் இடையே எல்லாக் குழுக்களுக்கும் ஒரே இடைவெளி இருக்கட்டும்.

போர்சோல்ட் 1977-இல் அறிமுகப்படுத்திய கட்டாய நீச்சல் சோதனை இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் அசையாமல் மிதப்பதை நம்பிக்கையிழப்பு என்று வாசிப்பது சரியா, அது சூழலுக்குக் கற்றுக்கொண்ட தகவமைப்பு ஆகாதா என்ற விவாதம் வலுத்து வருகிறது. விலங்குக்கு அது தரும் துன்பத்தையும் எண்ணிப் பார்த்தால், இனிப்பு விருப்பம் முதன்மை அளவீடாக இருக்கும் ஆய்வில் அதைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து. சேர்த்தே ஆக வேண்டுமெனில் கடைசிச் சிறுநீரைச் சேகரித்த பிறகே நடத்துங்கள். திறந்தவெளிச் சோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது: எண்ணெய் பொதுவாகவே சுறுசுறுப்பைக் கூட்டியதா என்பதை அதுதான் சொல்லும். மதிப்பிடுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியாதிருக்க வேண்டும்.

ஆறாம் படி: சிறுநீர் சேகரிப்பு

சிறுநீரையும் கழிவையும் பிரிக்கும் வளர்சிதைக் கூண்டில் எலி தனியாக, கம்பித் தரையில் நிற்கிறது; அதுவே ஓர் அழுத்தம். முதல் சேகரிப்புக்கு முன் சிலமுறை சில மணி நேரம் அதில் விட்டுப் பழக்கினால் இந்தக் குறுக்கீடு குறையும். 24 மணி நேரச் சேகரிப்பு பகல் இரவு வேறுபாட்டைச் சமன்செய்யும். 12 மணி நேரம் போதும் என்றால் எல்லா விலங்குகளுக்கும் இரவு நேரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று காலப்புள்ளிகளிலும் அதே நேரம், அதே கூண்டு முறை, அதே தீவன ஏற்பாடு என்பதில் தளர்வு கூடாது.

சேகரிப்புக் குழாயைப் பனிக்கட்டி சூழ வைத்து, நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கச் சிறிதளவு சோடியம் அசைடு இட வேண்டும். அது நச்சுப் பொருள். கையுறையின்றித் தொடக் கூடாது, உலோகக் குழாயுள்ள கழுவுதொட்டியில் ஊற்றவும் கூடாது. எண்ணெய் மிகுதியாகப் பெறும் எலிகளின் கழிவு இளகும்போது அது வடிகட்டித் தட்டைக் கடந்து சிறுநீரில் கலக்கும் வாய்ப்பு உண்டு. அப்படிக் கலந்த மாதிரியில் உயரும் பொருள்கள் எண்ணெயின் உயிரியல் விளைவு போலவே தோற்றமளிக்கும். ஒவ்வொரு குழாயின் நிறத்தையும் கலங்கலையும் பார்த்துக் குறித்துவைத்து, எத்தகைய மாதிரி நீக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பின்னர் 4 டிகிரியில் மையவிலக்கு செய்து, தெளிந்த பகுதியைப் பல சிறு குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். மறுமுறை உருக்கி உறையவைக்கத் தேவை வராதிருக்கவே இந்தப் பிரிப்பு.

ஏழாம் படி: அளவீடு

திரவ வண்ணப்பிரிகையுடன் இணைந்த நிறை நிறமாலைமானி மிக நுண்ணிய அளவுகளையும் காட்டும். அணுக்கரு காந்த ஒத்திசைவு உணர்திறனில் குறைந்தாலும் திரும்ப அளக்கும்போது அதே விடையைத் தருவதில் சிறந்தது, சிட்ரேட், ஹிப்புரேட், கிரியாட்டினின், டாரின் போன்ற மிகுதியான பொருள்களைச் சிரமமின்றி அளக்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்குமென்றால், செரட்டோனினுக்கு மூலமான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் வழிப் பொருள்களைத் தேடும் இந்த ஆய்வுக்கு முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். பதினெட்டுக் கார்பன் சங்கிலி நிரல் நீர்நாட்டம் குறைந்தவற்றைப் பிரிக்கும். முனைவுத்தன்மை மிகுந்தவை அதில் தங்காமல் உப்புகளோடு சேர்ந்து தொடக்கத்திலேயே வெளியேறிவிடும் என்பதால், அவற்றுக்கு நீர்நாட்ட இடைவினை நிரல் ஒன்றும் தேவை. நேர், எதிர் அயனியாக்கம் இரண்டிலும் ஓட்ட வேண்டும்.

மாதிரிகளின் வரிசையைக் கவனத்தோடு அமைக்க வேண்டும். ஏழு குழு, குழுவுக்கு 10 எலி, மூன்று காலப்புள்ளி என்றால் 210 மாதிரிகள். இவற்றை மூன்று தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் 23 அல்லது 24 எலிகள் வருமாறும், ஒவ்வொரு குழுவும் மூன்று நான்கு எலிகளால் இடம்பெறுமாறும் பிரியுங்கள். ஓர் எலியின் மூன்று மாதிரிகளும் ஒரே தொகுதிக்குள் இருக்க வேண்டும். அத்தொகுதிக்குள் வரிசை தற்செயலாக இருக்க வேண்டும். எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிதளவு எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியைத் தொடக்கத்தில் பலமுறையும், அதன்பின் ஒவ்வோர் எட்டு மாதிரிக்கு ஒருமுறையும் செலுத்தினால், கருவியின் நகர்வு வெளிப்படும்.

எட்டாம் படி: தரவைத் தூய்மையாக்கல்

தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் மாறுபடும் உச்சங்களையும், வெற்று மாதிரியிலும் தோன்றும் உச்சங்களையும் நீக்குவது நடைமுறை. அடுத்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும்: ஃபுளுவாக்செட்டினும் அதன் வழிப்பொருளான நார்ஃபுளுவாக்செட்டினும், எண்ணெயின் சிறுகூறுகளும் அவற்றின் குளுக்குரோனைடு, சல்பேட் இணைப்புகளும் அதில் அடங்கும். இவற்றைத் தரவில் விட்டுவைத்தால் குழுக்கள் அழகாகப் பிரியும். ஆனால் அப்பிரிவு சொல்வதெல்லாம், மருந்து குடித்த எலியின் சிறுநீரில் மருந்து இருக்கிறது என்பதே. அழுத்தமற்ற எலிகளின் இரு குழுக்களை ஒப்பிட்டால் பட்டியலில் விடுபட்டவையும் அகப்படும்.

சிறுநீரின் செறிவு வேறுபாட்டைச் சரிசெய்யக் கிரியாட்டினினால் வகுப்பது பழைய வழி. கிரியாட்டினின் தசை நிறையைப் பொறுத்தது. அழுத்தத்தால் எலிகள் மெலிந்தால் வகுக்கும் எண்ணே குழுவுக்குக் குழு மாறிவிடும். பல பொருள்களின் விகிதங்களிலிருந்து செறிவைக் கணிக்கும், 2006-இல் முன்வைக்கப்பட்ட நிகழ்தகவு ஈவு முறையோ, கரைந்துள்ள துகள்களின் மொத்த அளவான சவ்வூடு செறிவால் வகுப்பதோ இங்கே பாதுகாப்பானது. இரு முறைகளிலும் நிலைக்கும் முடிவுகளை மட்டும் முன்னிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: புள்ளியியல்

குழுப் பெயர் கொடுக்காமலே தரவைச் சில அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு, விலகிய மாதிரிகளையும் தொகுதி விளைவையும் காட்டும். அதைத் தரச் சோதனையாகவே கொள்ள வேண்டும். குழுப் பெயரைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லும் பகுதிச் சிறுமவர்க்க முறை, ஆயிரக்கணக்கான உச்சங்களும் எழுபது விலங்குகளும் உள்ள தரவில், வெறும் இரைச்சலைக்கூடப் பிரித்துக் காட்டிவிடும். குழுப் பெயர்களைக் கலைத்து ஆயிரம் முறை திரும்பச் செய்து, உண்மையான குழுப் பெயர்களோடு கிடைத்த கணிப்புத் திறன் அவற்றைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த வரைபடத்தை அச்சிடக் கூடாது. கலைக்கும்போது ஓர் எலியின் மூன்று மாதிரிகளும் பிரியாமல் ஒன்றாகவே நகர வேண்டும்.

ஒவ்வோர் உச்சத்துக்கும் அழுத்தம், எண்ணெய், காலம் ஆகியவற்றின் இடைவினையைக் காட்டும் கலப்பு விளைவுச் சமன்பாட்டை (mixed model), எலியையும் கூண்டையும் தற்செயல் காரணிகளாகக் கொண்டு பொருத்தி, பல சோதனைகளுக்கான திருத்தத்தைப் பெஞ்சமினி, ஹாக்பர்க் இருவரும் 1995-இல் தந்த முறையில் செய்யலாம். மீட்சியின் தடம் என்று ஒரு பொருளை அழைக்க நான் நான்கு நிபந்தனைகள் வைப்பேன். அழுத்தம் அதை மாற்றியிருக்க வேண்டும். ஒப்பீட்டு எண்ணெயைவிடச் சோதனை எண்ணெய் அதைப் பழைய நிலைக்கு அருகே கொண்டுவந்திருக்க வேண்டும். அழுத்தமற்ற எலியில் அதே எண்ணெய் அதைப் பெரிதாக அசைத்திருக்கக் கூடாது. ஒரே குழுவுக்குள்ளேயும், இனிப்பு விருப்பம் அதிகம் மீண்ட எலிகளில் அந்த மாற்றமும் அதிகமாக இருக்க வேண்டும். ஃபுளுவாக்செட்டினும் அதே திசையில் நகர்த்தினால் வலு கூடும். ஆனால் எண்ணெய் வேறு வழியில் செயல்படக்கூடும் என்பதால் அதைக் கட்டாயமாக்குவதில்லை.

பத்தாம் படி: அடையாளமும் பொருள்கோளும்

துல்லியமான நிறை மட்டும் ஒரு பொருளை அடையாளப்படுத்தாது. லூசினும் ஐசோலூசினும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. நிறையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. தூய தரப்பொருளை அதே கருவியில் ஓட்டி, தங்கு நேரமும் சிதைவு நிறமாலையும் ஒத்தால்தான் 2007-இல் வகுக்கப்பட்ட தரநிலைகளின்படி அது முதல்நிலை அடையாளம். தரவுத்தளத்தோடு மட்டும் பொருந்தியதை இரண்டாம் நிலை என்றே எழுத வேண்டும்.

பொருள் காண்பதில் மிகுந்த நிதானம் தேவை. மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனினில், உடலில் உள்ள மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குடலில் உள்ளது. ஆகவே செரட்டோனின் சிதைந்து உருவாகும் 5-ஹைட்ராக்ஸி இண்டோல் அசிட்டிக் அமிலம் சிறுநீரில் உயர்ந்ததைக் கொண்டு மூளையில் செரட்டோனின் கூடியதாக எழுதுவது தவறு. கைனுரெனிக், சாந்துரெனிக் அமிலங்கள் அழற்சியோடும் எலியின் அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனோடும் தொடர்புடைய டிரிப்டோபான் பாதையைச் சுட்டலாம். ஆனால் அவற்றின் பெரும்பகுதி கல்லீரல், சிறுநீரகம் போன்ற புற உறுப்புகளின் கதையைச் சொல்கிறது. இண்டாக்சில் சல்பேட், ஃபினைல் அசிட்டைல் கிளைசின், ஹிப்புரேட் ஆகியவை குடல் நுண்ணுயிரிகளும் எலியும் சேர்ந்து உருவாக்குபவை. தீவனப் பதிவேட்டைப் பார்க்காமல் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது. அடிப்பிக், சுபெரிக் போன்ற இரட்டைக் கார்பாக்சில் அமிலங்களும் அசைல் கார்னிட்டின்களும் நகர்ந்தால், எண்ணெயின் கொழுப்பு எரிகிறது என்பதே முதல் விளக்கம். பாதை வரைபடம் தயாரிக்கும்போது, பின்னணிப் பட்டியலாக அறியப்பட்ட எல்லாப் பொருள்களையும் கொடுக்காமல், உங்கள் கருவியால் காண முடிந்தவற்றை மட்டுமே கொடுங்கள்.

இறுதிப் படி: சரிபார்ப்பும் வெளியீடும்

கண்டறிந்தவற்றுள் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றிய எட்டு பத்துப் பொருள்களை மட்டும் தேர்ந்து, ஐசோடோப்பு அடையாளமிட்ட அகத் தரப்பொருள்களுடன் புதிய விலங்குத் தொகுதியொன்றில் அளவறி முறையில் மீண்டும் அளக்க வேண்டும். எந்தப் பொருள் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதை அதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்திருக்க வேண்டும். மூலத் தரவை மெட்டபோலைட்ஸ் (MetaboLights) அல்லது மெட்டபோலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் இட்டு, நீக்கிய மாதிரிகளையும் நீக்கியதன் காரணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். இந்த இரண்டாம் தொகுதியிலும் முடிவு நிலைத்தால், கட்டுரையின் முடிவுரையில் எழுதக்கூடிய வாக்கியம் இந்த அளவுக்குத்தான்: குறிப்பிட்ட இன எலிகளில், குறிப்பிட்ட அளவில், ஆற்றலில் சமமான ஒப்பீட்டு எண்ணெயைவிட இவ்வெண்ணெய் இனிப்பு விருப்பத்தை மீட்டது, அம்மீட்சியோடு சிறுநீரின் இன்னின்ன பொருள்கள் சேர்ந்து நகர்ந்தன. மனிதருக்கான அளவோ, சிகிச்சையில் இருப்பவர் தம் மருந்துக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போ அந்த வாக்கியத்தில் இடம்பெறக் கூடாது.